இந்தியாவிலிருந்து வந்து கொழும்பில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு: ஈபிஎஃப், வதிவிட விசா, கடவுச்சீட்டுப் பெயர்

இலங்கையில் மாதாமாதம் வரும் ஓய்வூதியம் பெரும்பாலும் அரச ஊழியர்களுக்குத்தான். தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈபிஎஃப். அது மொத்தமாகக் கைக்கு வரும். "நீங்கள் வெளிநாட்டவர், உங்களுக்குக் கட்டத் தேவையில்லை" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இங்குள்ள முதலாளியிடம் சம்பளம் வாங்கும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரருக்கும் அந்த உரிமை உண்டு.

உங்கள் பங்கு 8%, முதலாளியின் பங்கு 12%. அதற்கு மேல் ஈடிஎஃப், அதாவது ஊழியர் நம்பிக்கை நிதி, 3%. அது முழுக்க முதலாளியின் பொறுப்பு. உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. சம்பளம் 150,000 ரூபா என்றால் உங்களிடம் 12,000 பிடிபடும், முதலாளி 18,000 போட வேண்டும், ஈடிஎஃப் 4,500. ஓவர்டைம் இந்தக் கணக்கில் சேராது. வாழ்க்கைச் செலவுப் படி சேரும். சம்பளச் சீட்டில் கழித்திருப்பதால் மட்டும் பணம் கட்டப்பட்டுவிட்டது என்று ஆகாது. அடுத்த மாத முடிவுக்குள் கட்டினார்களா என்று கேளுங்கள். அங்கத்தவர் இலக்கத்தை எழுத்தில் வாங்கி வையுங்கள். வேலை மாறினால் இலக்கமும் மாறும், எனவே பழையதையும் பத்திரப்படுத்துங்கள்.

பணம் சிக்குவது பெரும்பாலும் பெயரில்தான். கடவுச்சீட்டில் "செந்தில்குமார் முருகேசன்" என்றிருக்கும், அலுவலகத்தில் இங்குள்ள வழக்கப்படி "எம். செந்தில்குமார்" என்று பதிவார்கள், வங்கியில் "செந்தில் குமார்" என்று பிரிந்து கிடக்கும். பணம் எடுக்கப் போகும்போது மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்க வேண்டியது உங்கள் பாடு. முதல் சம்பளத்துக்கு முன்பே, கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை மூன்றிலும் அப்படியே போடச் சொல்லுங்கள்.

தேசிய அடையாள அட்டை இல்லாதவருக்குப் பதிவில் நிற்பது கடவுச்சீட்டு இலக்கம். புதுப்பித்தால் அது மாறிவிடும். பத்து வருடத்தில் மாறக்கூடிய ஒன்றை முதுமைக்கான சேமிப்பின் அடையாளமாக வைப்பது சரியல்ல என்பதே எங்கள் கருத்து. இந்த நடைமுறை மாறும்வரை பதிவைத் திருத்தும் பொறுப்பு உங்களுடையது: பத்தரமுல்லையில் குடிவரவுத் திணைக்களத்துக்குப் புதிய இலக்கத்தைச் சொன்னால் மட்டும் போதாது, முதலாளி மூலம் ஈபிஎஃப் பதிவையும் திருத்துங்கள். இரத்தான பழைய கடவுச்சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். வதிவிட விசா அதில் இருந்தால், புதியதற்கு மாற்றும்வரை கட்டுநாயக்க விமான நிலையத்தில் இரண்டையும் சேர்த்தே நீட்டுங்கள்.

"சுற்றுலா விசாவில் வாருங்கள், வதிவிட விசா பிறகு வரும், இப்போதே வேலையைத் தொடங்குங்கள்" என்பவர்களை நம்பவே வேண்டாம். அது சட்டமீறல். அந்த மாதங்களுக்கு ஈபிஎஃபும் பெரும்பாலும் கட்டியிருக்க மாட்டார்கள்.

ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில் பணத்தை எடுக்கலாம். நிரந்தரமாக நாட்டை விட்டுப் போகிறவர் அதற்கு முன்பும் கோரலாம். இந்தியாவில் கட்டிய பிஎஃப் (அங்குள்ள சேமலாப நிதி) ஆண்டுகளை இதனுடன் சேர்த்துக் கணக்கிட முடியாது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அப்படியொரு ஒப்பந்தம் இல்லை. போவதாக முடிவானால், சேவை முடிந்த கடிதத்தையும் வெளியேறுவதற்கான ஆதாரத்தையும் வைத்து, விமானம் ஏறுமுன் தொழில் திணைக்களத்தில் விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். முதலாளியின் கையொப்பத்தைச் சென்னையிலிருந்து வாங்குவது பெரும்பாடு.