ஓசிடி கூட்டு மருந்துகளைச் சுண்டெலியில் சோதிக்கும் முறை

ஓசிடி என்பது ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் மனநோய். சுண்டெலி கோலிக்குண்டுகளை மரத்தூளில் புதைப்பதை அதற்கு மாதிரியாக வைத்து மருந்துகளைச் சோதிக்கிறார்கள். முதல் மருந்து தனியாகவே கோலி புதைப்பதை நன்றாகக் குறைத்துவிட்டால், இரண்டாவது மருந்தின் பங்கைக் காட்ட இடமே இருக்காது. பல கூட்டு மருந்து ஆய்வுகள் கெடுவது இங்கேதான். அதனால் தனித்தனி டோஸ் வரிசைகளை முதலில் முடியுங்கள்.

ஓசிடிக்கு வழக்கமாகத் தரும் ஃபுளூவாக்ஸெட்டினுடன், மறதி நோய்க்குத் தரும் மெமண்டைனைச் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்ததும், ஒவ்வொன்றையும் மூன்று நான்கு அளவுகளில் கொடுத்து, தனியாக எந்த மாற்றமும் காட்டாத மிக உயர்ந்த அளவைக் கண்டுபிடியுங்கள். கூட்டுக்கு அந்த அளவுகளே வேண்டும்.

கூண்டில் 5 செ.மீ. உயரத்துக்கு மரத்தூள் நிரப்பிச் சமமாகத் தட்டி, 20 கோலிக்குண்டுகளை 4 × 5 வரிசையில் வையுங்கள். எலியை ஓரமாக விட்டு 30 நிமிடம் கழித்து எடுங்கள். கூண்டு ஆடினால் கோலிகள் சரிந்துவிடும், கவனம். மூன்றில் இரண்டு பங்காவது மறைந்தவற்றை மட்டும் எண்ணுங்கள். எந்த எலிக்கு எந்த மருந்து என்பது எண்ணுபவருக்குத் தெரியவே கூடாது. அடுத்த எலிக்குப் புது மரத்தூள், கழுவிய கோலிகள்.

குழுக்கள் நான்கு: மருந்தில்லாத வெறும் கரைசல் (இதுவே கட்டுப்பாட்டுக் குழு), முதல் மருந்து, இரண்டாவது மருந்து, இரண்டும். எல்லா எலிகளுக்கும் இரண்டு ஊசி போட வேண்டும். ஊசியின் அதிர்ச்சியே நடத்தையை மாற்றும். ஊசி அளவு கிலோவுக்கு 10 மி.லி. என்றால், 25 கிராம் எலிக்கு 0.25 மி.லி. ஃபுளூவாக்ஸெட்டினை உப்புநீரில் கரைத்தால் அடர்த்தி கூடும்போது படிந்துவிடலாம். காய்ச்சி வடித்த நீரே நல்லது. முடிவுகளை இருவழி அனோவா என்ற புள்ளியியல் சோதனையில் போட்டு, இரு மருந்துகளின் இடைவினையை, அதாவது ஒன்றின் விளைவை மற்றது மாற்றுகிறதா என்பதைப் பாருங்கள். 'கூட்டுக் குழு கட்டுப்பாட்டுக் குழுவிலிருந்து வேறுபட்டது' என்பது மட்டும் போதாது.

ஓட்டம் குறைந்த எலியும் கோலியைப் புதைக்காது. திறந்தவெளிச் சோதனையில் (எலியை வெறும் திறந்த பெட்டியில் விட்டுப் பார்ப்பது) நடமாட்டத்தை அளக்காத எந்த முடிவையும் நாங்கள் நம்பமாட்டோம். மெமண்டைனுக்குப் பதில் ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்தைச் சேர்த்தால் இரத்தத்தில் மருந்தின் அளவையும் பாருங்கள்: மனிதர்களில் அதைச் சிதைக்கும் சிஒய்பி2டி6 நொதியை ஃபுளூவாக்ஸெட்டின் தடுக்கிறது. கூட்டுப் பலன் போலத் தெரிவது, வெறும் கூடுதல் ரிஸ்பெரிடோனாக இருக்கலாம்.

பதற்றம் தணிக்கும் டயஸெபாமும் கோலி புதைப்பதைக் குறைக்கிறது. நோயாளிகளுக்கு ஃபுளூவாக்ஸெட்டின் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். எலியிலோ ஒரே ஊசியில் மாற்றம் தெரிகிறது. ஆகவே கோலிச் சோதனை மட்டும் ஓசிடிக்குச் சான்றாகாது. 21 நாள் தொடர் டோஸிலும், டோபமைன் ஏற்பிகளைத் தூண்டும் குவின்பிரோல் கொடுத்த எலிகளின் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் நடத்தையிலும் அதே கூட்டைச் சோதியுங்கள்.