வாசல் கெம்போஜாவுக்கு முதல் கவாத்து

தைப்பூசம் முடிந்து, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலைகளில் சிதறிய தேங்காய்ச் சில்லுகளைக் கூட்டி அள்ளும் நாட்களில்தான் எங்கள் வீட்டில் ரம்பம் வெளியே வரும். பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியும் மழை குறைந்த மாதங்கள். மரத்தின் வெட்டுக்காயம் உலர இதைவிட நல்ல பருவம் இங்கே கிடையாது. செப்டம்பர், அக்டோபரில் மட்டும் ஆசைப்பட்டுக்கூடத் தொடாதீர்கள். ஆண்டிலேயே அதிக மழை பெய்யும் காலம் அது. ஈரத்தில் வெட்டினால் அழுகலை அழைத்து விருந்து வைத்த மாதிரி.

ஈழத்தலரி என்று தமிழில் நல்ல பெயர் இருந்தாலும் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) எல்லோருக்கும் அது கெம்போஜாதான். மலாய் மொழியில் கம்போடியா நாட்டுக்கும் அதே பெயர். மரம் வந்ததோ மெக்சிகோ, கரீபியன் தீவுகள் பக்கமிருந்து. இடுகாட்டு மரம் என்று சொல்லி என் மாமியார் ஓராண்டு முணுமுணுத்தார். முதல் பூ மணத்ததும் முணுமுணுப்பு நின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் புல் வெட்ட வந்தவரிடம், “இதையும் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால், எல்லாக் கிளைகளும் ஒரே உயரத்தில் மொட்டையாக நின்றன. அந்த ஆண்டு பூவே இல்லை. ஒவ்வொரு மொட்டை முனையிலும் துடைப்பம் போலத் தளிர்கள் கிளம்பின. அக்டோபர் மழையில் இரண்டு கிளைகள் உள்ளுக்குள் அழுகின. ‘கொஞ்சம்’ என்றால் எவ்வளவு, எந்த இடத்தில் என்று எனக்கே தெரியாதபோது அவரை நொந்து என்ன பயன்? அதன் பிறகுதான் நானே கற்றுக்கொண்டேன்.

முதலில் இதை மனத்தில் வையுங்கள்

வெட்டினால் மரம் சிறியதாகும் என்று நினைக்கிறோம். கெம்போஜா விஷயத்தில் பாதிதான் உண்மை. ஒரு கிளையை நடுவில் வெட்டினால், வெட்டுக்குச் சற்றுக் கீழே உறங்கிக்கொண்டிருக்கும் மொட்டுகள் விழித்துக்கொள்ளும். ஒன்று போன இடத்தில் இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு கிளைகள் வரும். ஆகவே கிளையை நடுவில் குறைத்தால் மரம் அடர்த்தியாகும். கிளையை அது பிறந்த இடத்திலேயே எடுத்தால் மரம் திறந்து, காற்றோட்டம் கூடும். உங்கள் மரத்துக்கு எது தேவை என்பதை ரம்பம் எடுக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். நெட்டையாக, மூன்றே கிளைகளோடு நிற்கும் இளமரத்தைக் குறைக்கலாம். உள்ளே வெயில் புகாத முதிய மரத்தில் முழுக் கிளைகளாக எடுக்க வேண்டும்.

இன்னொன்று: பூ கிளையின் நுனியில்தான் வரும். குறைத்த கிளையில் புதுத் தளிர் வளர்ந்து முதிரும் வரை பூவுக்குக் காத்திருக்க வேண்டும். எல்லா நுனிகளையும் ஒரே நாளில் வெட்டினால் எனக்கு நேர்ந்ததே உங்களுக்கும் நேரும்.

கருவிகள்

பெருவிரல் பருமன் வரை கைக்கத்தரி போதும். அதற்கு மேல் மடக்கு ரம்பம். பாராங் என்னும் வெட்டுக்கத்தி வேண்டவே வேண்டாம். இந்த மரம் மிருதுவானது, ஓங்கி வெட்டினால் பிளந்துபோகும். துடைக்க ஸ்பிரிட்டும் பழந்துணியும், கையில் உறை, கண்ணுக்குக் கண்ணாடி. வெட்டிய இடத்திலிருந்து ஒழுகும் பால் தோலில் பட்டால் அரிக்கும், கண்ணில் பட்டால் அவதிதான். காரையும் போர்ச்சிலிருந்து வெளியே எடுத்து நிறுத்துங்கள். பால் சொட்டிக் காய்ந்தால் எளிதில் போகாது.

கிளைகள் மின்கம்பிக்கு அருகில் இருந்தால் உங்கள் வேலை அத்தோடு முடிந்தது. மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலுக்குத் தகவல் சொல்லுங்கள். வேலிக்கு வெளியே சாலையோரம் நிற்கும் மரம் மாநகர் மன்றத்தின் பொறுப்பு; அதில் கை வைக்காதீர்கள்.

ராஃபியா கயிறு

எனக்கு மிகவும் உதவிய கருவி இதுதான். மரத்தை மூன்று முறை சுற்றி வாருங்கள். சாலையிலிருந்து பாருங்கள், வீட்டுப் படியிலிருந்து பாருங்கள், அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். எடுக்க நினைக்கும் கிளைகளில் சிவப்பு ராஃபியாவைக் கட்டுங்கள். பிறகு தேநீர் குடிக்கப் போய்விடுங்கள். மறுநாள் காலையில் பார்க்கும்போது பாதிக் கயிற்றை அவிழ்க்கத் தோன்றும். அவிழ்த்துவிடுங்கள்.

கயிறு கட்டுவதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் நோயும் அழுகலும். அடுத்து, ஒன்றோடொன்று உரசும் கிளைகளில் மெலிந்தது. பிறகு மரத்தின் நடுவை நோக்கித் திரும்பி வளர்பவை, தலையில் இடிக்கும் தாழ்ந்த கிளைகள். அழகு கடைசியில்தான். மொத்தத்தில் இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் ஓராண்டில் போகக் கூடாது. அழுகலை எடுத்ததிலேயே அந்தக் கணக்கு முடிந்துவிட்டால், அழகை அடுத்த தைப்பூசத்துக்குத் தள்ளிவையுங்கள்.

அழுகலைக் கட்டைவிரலால் கண்டுபிடிக்கலாம். நல்ல கிளை அழுத்தினால் கெட்டியாக இருக்கும். கெட்டுப்போனது சுருங்கி, கறுத்து, பழுத்த பழம் போல அமுங்கும்.

வெட்டு

அழுகிய கிளையில் தொடங்குங்கள். அமுங்கும் பகுதிக்குக் கீழே வெட்டி, வெட்டு முகத்தைப் பாருங்கள். நடுவில் பழுப்பு வட்டம் தெரிந்தால் அழுகல் இன்னும் கீழே போயிருக்கிறது. ரம்பத்தை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, இன்னும் நான்கு விரல் கீழே வெட்டுங்கள். முகம் முழுதும் வெள்ளையாகி, சுற்றிலும் பால் சுரக்கும் வரை இதையே தொடருங்கள். பழுப்பை விட்டுவைத்தால் மேலே வெட்டியதெல்லாம் வீண். அழுகல் கிளையில் பட்ட ரம்பத்தைத் துடைக்காமல் நல்ல கிளைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

முழுக் கிளையை எடுக்கும்போது, அது பிரியும் இடத்தில் மோதிரம் போல ஒரு தடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அந்தத் தடிப்பு மரத்தின் சொத்து. அதற்குச் சற்று வெளியே வெட்டினால் காயத்தைச் சுற்றி மரம் தானே மூடிக்கொண்டு வரும். தடிப்பையும் சேர்த்துச் செதுக்கினால் காயம் பெரிதாகும். ஒரு சாண் கட்டையை விட்டுவைத்தால் அது பட்டுப்போய் அழுகலுக்கு ஏணியாகும்.

கை மணிக்கட்டைவிடப் பருத்த கிளையை ஒரே வெட்டில் எடுக்க முயலாதீர்கள். பாதி அறுத்ததும் அதன் எடையே அதைச் சாய்த்து, தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். மூன்று வெட்டுகளாகச் செய்யுங்கள். அடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, கிளையின் கீழ்ப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுங்கள். அதற்கும் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக விழும். மிச்சமிருக்கும் கட்டையைத் தடிப்புக்கு வெளியே நிதானமாக எடுங்கள்.

குறைக்கும் வெட்டு என்றால் சற்றுச் சாய்வாக அறுங்கள். மழைநீர் தேங்காமல் வழியும். பால் நிற்காவிட்டால் தண்ணீரைத் தெளித்தால் அடங்கும்.

காயத்தில் என்ன பூசுவது? என் அம்மா மஞ்சள் குழைத்துப் பூசுவார். கடையில் கறுப்புப் பூச்சு விற்கிறார்கள். இரண்டும் வேண்டாம். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்து ஆராய்ந்தவர். மரம் நம் தோல் போல ஆறுவதில்லை, கெட்ட பகுதியைச் சுவர் எழுப்பி ஒதுக்கிவைக்கிறது என்பது அவர் கண்டது. பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்றும் காட்டினார். வெயிலில் உலர விடுங்கள்.

பிறகு

விழுந்த இலைகளைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஆரஞ்சுப் பொடி இருந்தால் அது துரு நோய். பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், மரத்தடியில் விடாதீர்கள்.

சில வாரங்களில், குறைத்த முனைகளில் பச்சை முண்டுகள் எழும். அவை சுண்டுவிரல் அளவு வந்ததும் வெளிப்புறம் நோக்கும் இரண்டையோ மூன்றையோ வைத்துக்கொண்டு மற்றவற்றை விரலாலேயே கிள்ளிவிடுங்கள். இன்று ஒரு கிள்ளலில் போவதற்கு இரண்டு ஆண்டு கழித்து ரம்பம் வேண்டியிருக்கும்.

வெட்டிய நல்ல கிளைகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு முழ நீளத்தில் நறுக்கி, இலைகளை எடுத்துவிட்டு, நிழலில் ஒன்றிரண்டு வாரம் சாய்த்து வையுங்கள். அடிமுனை நன்றாகக் காய்ந்த பிறகு மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் வேர் பிடிக்கும். பச்சையாக ஊன்றினால் அழுகும். தண்ணீர் மிகக் கொஞ்சம் போதும். சென்ற ஆண்டு எனக்கு ஒன்பது கிடைத்தன. ஏழு பக்கத்து வீடுகளுக்குப் போய்விட்டன. மீதி இரண்டும் போர்ச் ஓரத்தில், மாமியார் கண்ணில் படாத மூலையில் இருக்கின்றன.