பேனர் கம்ப்யூட்டரில் கோபுரம் ஓடுமா?

மதுரையில் ஃபிளெக்ஸ் டிசைன் செய்யும் கம்ப்யூட்டரிலேயே மீனாட்சி அம்மன் கோயிலின் தெற்குக் கோபுரத்தை 3டி-யில் செய்ய முடியுமா என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம்.

2டி-யில் பாரம் பிக்சல்தான். 10க்கு 8 அடி பேனர், அங்குலத்துக்கு 72 பிக்சல் என்றால் 8640 × 6912. ஏறத்தாழ 6 கோடி. பிக்சலுக்கு 4 பைட் வீதம் முழு லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்) ஒவ்வொன்றும் 240 எம்பி, பத்து லேயர் 2.4 ஜிபி. ராமும் எஸ்எஸ்டி-யும்தான் முக்கியம். விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு இதற்கு வீண்.

3டி-யில் திரை 1920 × 1080தான், 20.7 லட்சம் பிக்சல். ஆனால் 3டி உருவம் சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனது; காட்சியைச் சுழற்றும்போதெல்லாம் அவற்றை கிராஃபிக்ஸ் கார்டு மறுபடி கணக்கிட வேண்டும். நொடிக்கு 60 ஃபிரேம் (திரைப்படம்) வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிவிநாடிதான் கிடைக்கும். சிலைக்கு 20,000 முக்கோணம் வைத்தாலே 1,000 சிலைக்கு 2 கோடி! உருவத்தின்மேல் போர்த்தும் படமான டெக்ஸ்சர், சுருக்காத 4096 × 4096 அளவில் ஒன்று 64 எம்பி பிடிக்கும். கார்டின் நினைவகம் நிரம்பினால் ரெண்டர் (இறுதிப் படத்தை உருவாக்கும் வேலை) நின்றுபோகும், அல்லது ராமுக்குத் தாவி இழுபடும்.

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஓவர்லே மெனுவின் ஸ்டாட்டிஸ்டிக்ஸைத் தட்டினால் முக்கோண எண்ணிக்கை தெரியும். ஒரே மாதிரிச் சிலைகளை ஷிஃப்ட்+டி-யில் அல்ல, ஆல்ட்+டி-யில் நகலெடுங்கள்; மெஷ் (முக்கோணங்களாலான வலை) பகிரப்படும், நினைவகம் மிஞ்சும். வரையும் வேலை மட்டும் குறையாது. அதற்கு, கோபுரத்தின் மேல் நிலைகளில் உள்ள சிலைகளுக்கு, முக்கோணங்களைக் குறைக்கும் டெசிமேட்டை 0.1 (பத்தில் ஒரு பங்கு) என்று வையுங்கள்.

சித்திரை வெயிலில் லேப்டாப் சூடேறித் தானே வேகத்தைக் குறைக்கும். அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தே வாங்குங்கள்.