பழைய சேர்வருக்கான நிரலைப் பழைய கம்பைலரிலேயே கட்டுங்கள்

கொழும்பில் சி++ எழுதும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு குறிப்பு. வாடிக்கையாளரின் சேர்வரில் இன்னும் சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸ் ஓடுகிறதா? அதோடு வரும் ஜிசிசி 4.8.5 கம்பைலருக்கு சி++11 மொழி நன்றாகவே தெரியும். ஆனால் அதன் லைப்ரரியில் ரெஜெக்ஸ் (உரையில் வடிவங்களைத் தேடும் வசதி) அரைகுறை; 4.9இல்தான் ஒழுங்காக வந்தது. அதைப் பயன்படுத்தும் நிரல் பிழையே காட்டாமல் கம்பைல் ஆகும், ஓடும்போது கவிழும். பதிப்பு எண்ணைப் பார்த்து மட்டும் நம்பாதீர்கள்.

அப்புறம் ஜிலிப்சி, அதாவது லினக்ஸ் நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரி. அங்கே இருப்பது 2.17. வெள்ளவத்தையில் உங்கள் லப்டொப்பிலுள்ள புதிய உபுண்டுவில் கட்டிய பைனரி (ஓடும் கோப்பு) புதிய ஜிலிப்சியைக் கேட்பதால் அங்கே பெரும்பாலும் தொடங்கவே தொடங்காது. பழையதில் கட்டியது பொதுவாகப் புதியதில் ஓடும்.

அந்தப் பழைய சிஸ்டத்தை ஒரு டொக்கர் கொண்டெய்னரில் (உங்கள் கணினிக்குள் தனித்து ஓடும் சூழலில்) வைத்து, ஒவ்வொரு மாற்றத்தையும் அதிலேயே கட்டுங்கள். டெஸ்ட்டுகளையும் கட்டாயம் அதிலேயே ஓட்டுங்கள். ரெஜெக்ஸ் போன்றவை பிடிபடுவது அங்கேதான்.