கோலத்தை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி: புதிதாகப் பேசத் தொடங்கும் இலங்கை மலையகத்தாருக்கு

வெளிநாட்டவர் ஒருவரோடு நான் முதன்முதலில் ஆங்கிலத்தில் பேசியது எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில் வைத்துத்தான். தேயிலை மலைகளைச் சுற்றிப் பார்க்க வந்த அந்தப் பெண்மணி, வாசலில் பாதி அழிந்து கிடந்த கோலத்தைக் காட்டி இது என்னவென்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி, "ஆன் ஃப்ரைடே வீ வில் டிரோ கோலம்" என்றேன். அவர் முகம் மலர்ந்து ஏதோ கேட்க, விளங்காமலேயே நானும் தலையாட்டி வைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் கமராவும் கையுமாக வந்து நின்றார். அம்மாவோ விடியுமுன்பே கோலத்தைப் போட்டுவிட்டுப் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைக் கூட்டத்துக்குப் போயிருந்தார். அந்த வெள்ளியன்று எங்கள் லயத்தில் ஏதோ ஒரு விழா நடக்கப்போகிறது என்றுதான் அவர் என் பேச்சை விளங்கிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியவந்தது நெடுநாள் கழித்து, நானே பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய பிறகு.

பிழை எங்கே நேர்ந்தது என்றால், தமிழில் வழக்கத்தைச் சொல்லும்போது நாம் எதிர்கால வினையைத்தான் எடுக்கிறோம். "வெள்ளிக்கிழமை கோலம் போடுவோம்", "ஆடியில் கூழ் காய்ச்சுவோம்", "மாசியில் காமன் கூத்து ஆடுவார்கள்" என்பவை எல்லாம் நம் காதுக்கு வழக்கத்தைக் குறிப்பவை. அந்த 'வோம்', 'வார்கள்' முடிவுகளைக் கண்டதும் மனம் தானாகவே 'வில்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறது. ஆங்கிலம் கேட்பவருக்கோ 'வில்' என்றால் இனிமேல் நடக்கப்போவது. பண்பாட்டைப் பற்றிப் பேசும்போது சொல்லப்படுவதில் பெரும்பகுதி வழக்கமாகவே இருப்பதால், இந்த ஒரு சொல்லை விட்டுவிட்டாலே பேச்சு பாதி சீராகிவிடும். "வீ டிரோ எ கோலம் எவ்ரி ஃப்ரைடே" என்று வெறும் நிகழ்கால வினையைச் சொன்னால் போதும். எப்போதும் என்பதற்கு 'ஆல்வேஸ்', பெரும்பாலும் என்பதற்கு 'யூஷுவலி', சிலவேளை என்பதற்கு 'சம்டைம்ஸ்' ஆகிய மூன்றையும் வினைக்கு முன்னால் வைக்கப் பழகிக்கொள்ளுங்கள்: "மை மதர் யூஷுவலி டிரோஸ் இட் பிஃபோர் சன்ரைஸ்." ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது வினையின் கடைசியில் வரும் 'ஸ்' ஒலியை விழுங்கிவிடக் கூடாது. மற்றபடி, அம்மாவையோ அம்மாயியையோ 'ஷீ' என்று சொல்வது மரியாதைக் குறைவு ஆகிவிடுமோ என்று சில பிள்ளைகள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் 'அவர்', 'அவள்' என்ற வேறுபாடே இல்லை என்பதால் தயக்கம் தேவையில்லை.

அடுத்து, எதைப் பற்றிப் பேசுவது என்ற கேள்வி இருக்கிறது. "எங்கள் பண்பாடு மிகத் தொன்மையானது, மிகச் செழுமையானது" என்று தொடங்கும் ஒரு மனப்பாட வாசகம் நம் பாடசாலைக் கொப்பிகளில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. அதைக் கேட்டவர் புன்னகைத்துத் தலையாட்டுவாரே தவிர, திருப்பிக் கேட்பதற்கு அதில் ஒன்றும் இருக்காது. தைப்பொங்கலைப் பற்றிய மனப்பாடக் கட்டுரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. உழவர் நெல்லை அறுத்து, புத்தரிசியில் பொங்கி, சூரியனுக்கு நன்றி சொல்லும் நாள் என்று அதில் எழுதியிருக்கும். வயல் உள்ள ஊருக்கு அது மெய். நம் தோட்டத்தில் வயல் ஏது? அரிசி டவுன் கடையிலிருந்து வருகிறது. நம் மலையில் கொழுந்து ஏறக்குறைய வாரத்துக்கு ஒருமுறை, ஆண்டு முழுவதும் பறிக்கப்படுகிறது. எதிரே உள்ள தேயிலையைப் பார்த்துக்கொண்டே நீங்கள் சொல்வதைக் கேட்கும் ஒருவர், உங்கள் நெல் எங்கே என்று கேட்டால் மனப்பாடம் அங்கேயே அறுந்துபோகும். ஆகவே உங்கள் வீட்டில் நடப்பதையே சொல்லுங்கள்: "வீ டோன்ட் க்ரோ ரைஸ் ஹியர். வீ பை இட் ஃப்ரம் த டவுன். ஆன் பொங்கல் டே வீ குக் இட் வித் மில்க், இன் ஃப்ரன்ட் ஆஃப் த ஹவுஸ். வென் த மில்க் பாயில்ஸ் ஓவர், வீ ஆர் ஹேப்பி." நான்கு சிறிய வாக்கியங்களில், மலையகத் தோட்டத்துப் பொங்கல் ஒன்று கேட்பவர் கண்முன் வந்துவிடுகிறது. அடுப்பு எதில் மூட்டுகிறீர்கள், பால் எந்தப் பக்கம் பொங்கினால் நல்லது என்று அவரும் கேட்கத் தொடங்குவார்.

பண்டிகையின் பெயரைச் சொல்லும்போது ஒரு சிறு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் 'தை' என்று எழுதும் எழுத்துகளும் தாய்லாந்து நாட்டாரைக் குறிக்கும் எழுத்துகளும் ஒன்றேயாகையால், இது தாய்லாந்திலிருந்து வந்த பண்டிகையா என்று கேட்பவர்கள் உண்டு. "தை இஸ் த நேம் ஆஃப் எ தமிழ் மன்த். இட் பிகின்ஸ் இன் ஜனவரி" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பெயர்களை மொழிபெயர்க்க முயலாதீர்கள் என்பதே பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது. கோலத்துக்கும் தப்பு மேளத்துக்கும் கரகத்துக்கும் ஈடான ஆங்கிலச் சொல்லைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். தமிழ்ப் பெயரை அப்படியே, நிறுத்தி நிதானமாக, தேவைப்பட்டால் இரண்டுமுறை சொல்லிவிட்டு, அதன் பின்னால் ஒரு சிறிய வாலைக் கட்டிவிடுங்கள். அந்த வாலுக்கு மூன்று வாய்பாடுகள் போதும். எந்த வகையைச் சேர்ந்தது என்பதற்கு "இட் இஸ் எ கைன்ட் ஆஃப்". எதனால் ஆனது என்பதற்கு "இட் இஸ் மேட் வித்". எப்போது பயன்படுகிறது என்பதற்கு "வீ யூஸ் இட் வென்". தப்பை எடுத்துக்கொள்வோம்: "தப்பு இஸ் எ கைன்ட் ஆஃப் டிரம். இட் இஸ் ரவுண்ட் அண்ட் ஃபிளாட். இட் இஸ் மேட் வித் வுட் அண்ட் அனிமல் ஸ்கின். பிஃபோர் வீ பிளே இட், வீ ஹீட் இட் நியர் எ ஃபயர்." அந்தக் கடைசி வாக்கியம்தான் கேட்பவரை நிமிர்ந்து உட்கார வைக்கும்; தோல் இறுகி நாதம் ஏறுவதற்காகத் தீயில் காட்டுகிறோம் என்பது நமக்குச் சாதாரணம், அவருக்குப் புதிது. இங்கே 'டிரம்' என்ற சொல்லைக் கேட்டதும் என் வகுப்பில் ஒரு சிறுவன் சிரித்தான், ஏனென்றால் அவன் வீட்டில் டிரம் என்றால் தண்ணீர் பிடித்துவைக்கும் நீலப் பீப்பாய்! இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். கூடவே 'பிளே' வருவதால் குழப்பம் வராது.

சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது எல்லாவற்றையும்விட எளிது, ஏனென்றால் பொருளைக் கையில் வைத்துக்கொண்டே பேசலாம். ஆனால் அங்கும் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. நமது ரொட்டி கோதுமை மாவில் சுடுவது. மாவுக்கும் பூவுக்கும் ஆங்கிலத்தில் எழுத்து வேறே தவிர ஒலி ஒன்றுதான். வெறுமனே 'ஃபிளவர்' என்றால் நாம் பூவைச் சுட்டுத் தின்கிறோம் என்று நினைக்க இடமுண்டு. 'வீட் ஃபிளவர்' என்று கோதுமையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இரண்டாவது உறைப்பு. 'ஹாட்' என்ற சொல் சூட்டையும் குறிக்கும், உறைப்பையும் குறிக்கும். மிளகாய் இடித்துச் செய்த கட்டச் சம்பலைத் தட்டில் வைத்துவிட்டு 'ஹாட்' என்று எச்சரித்தால், விருந்தாளி சற்று ஆறட்டும் என்று காத்திருந்துவிட்டுப் பிறகு ஒரு கரண்டி நிறைய எடுத்து வாயில் போடுவார். 'வெரி ஸ்பைசி' என்பதே பாதுகாப்பான சொல். நாம் ஊற்றிக் கொடுக்கும் பால் சேராத தேத்தண்ணியை இலங்கையில் 'பிளேன் டீ' என்கிறோம். வெளியிலிருந்து வருபவருக்கு 'பிளாக் டீ' என்றால்தான் உடனே பிடிபடும்.

உறவுமுறை வரும்போது தமிழ் அளவுக்கு ஆங்கிலத்தில் சொற்கள் கிடையா. மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் 'அங்கிள்' என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடுவார்கள். சீர் கொண்டுவருபவர் தாய்மாமன் என்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் "மை மதர்ஸ் பிரதர்" என்று விரித்துச் சொல்லுங்கள். மற்ற இடங்களில் 'அங்கிள்' போதும்.

வாக்கிய அமைப்பில் ஒன்றே ஒன்றைக் கவனித்தால் போதும். தமிழில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் எவ்வளவு விவரத்தை வேண்டுமானாலும் அடுக்கலாம். "எங்கள் அம்மாயி தன் கல்யாணத்துக்குச் சீராகப் பெற்ற பித்தளைக் குடம்" என்பதை ஒரே மூச்சில் ஆங்கிலமாக்கப் பார்த்தால் புதிதாகப் பேசுபவர் நிச்சயம் தடுமாறுவார். கடைசியில் உள்ள பெயரை முதலில் எடுத்து, மற்றவற்றைத் தனித்தனி வாக்கியமாக உதிர்த்துவிடுங்கள்: "திஸ் இஸ் எ பிராஸ் பாட். இட் இஸ் மை கிரேண்ட்மதர்ஸ். ஷீ காட் இட் ஃபார் ஹர் வெட்டிங்." துண்டு துண்டாகப் பேசுவது குறையல்ல. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் வாசலில் நின்று கதைக்கும்போது இப்படித்தான் கதைக்கிறார்கள்.

கதை சொல்வதற்கும் இதே முறைதான். காமன் கூத்தை விளக்க வேண்டி வந்தால், மாசி மாதத்தில் தோட்டமே கூடி நடத்துவது, பெரும்பாலும் ரதி வேடத்தையும் ஆண்களே கட்டுவது, தப்பொலியோடு விடிய விடிய நடப்பது என்பவற்றை வழக்கமாகச் சொல்லிவிட்டு, உள்ளே இருக்கும் கதையையும் நிகழ்காலத்திலேயே சொல்லலாம். கதைச் சுருக்கத்தை நிகழ்கால வினையில் சொல்வது ஆங்கிலத்தில் முறையானதே. "ஷிவா சிட்ஸ் இன் மெடிடேஷன். காமன் ஷூட்ஸ் எ ஃபிளவர் ஏரோ. ஷிவா ஓப்பன்ஸ் ஹிஸ் தர்ட் ஐ. காமன் பர்ன்ஸ். ரதி க்ரைஸ் ஃபார் ஹர் ஹஸ்பன்ட்." இறந்தகால வினைகளின் ஒழுங்கற்ற வடிவங்களை இன்னும் மனப்பாடம் செய்யாத ஒருவருக்கு இது பெரிய ஆறுதல்.

இறந்தகாலம் தவிர்க்க முடியாமல் வருவது முக்கியமாக ஒரு கேள்விக்குத்தான். அதுவே எல்லோரும் கேட்கும் கேள்வி. நீங்கள் இந்தியரா? இதற்குப் பதிலை முன்னமே ஆயத்தம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அந்த நேரத்தில் மனம் கலங்கினால் ஆங்கிலமும் கலங்கும். "நோ, ஐ ஆம் ஸ்ரீலங்கன். ஐ ஆம் எ மலையகத் தமிழ். மை ஆன்செஸ்டர்ஸ் கேம் ஃப்ரம் சவுத் இந்தியா" என்பது அடிப்படைப் பதில். 'மலையகம்' என்பதற்கு "த ஹில் கன்ட்ரி" என்று ஒரு வால். கேட்பவர் மேலும் ஆர்வம் காட்டினால் ஆண்டுகளைச் சொல்லலாம்: 1820களில் கோப்பித் தோட்டங்களுக்காக ஆட்கள் வரத் தொடங்கினார்கள், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்மவரில் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள், நாடற்றவராகவே எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. ஆண்டோடு சேர்த்துச் சொல்லும்போது வினை இறந்தகாலத்தில் இருக்க வேண்டும், 'கேம்', 'பிளான்டட்', 'லாஸ்ட்', 'காட்' என்ற நான்கு வினைகளோடு இந்த வரலாறு முழுவதையும் சொல்லிவிடலாம்: "இன் 1948 மோஸ்ட் ஆஃப் அவர் பீப்பிள் லாஸ்ட் தெயர் சிட்டிசன்ஷிப்." உங்கள் சொந்தக் குடும்பம் எந்த ஆண்டில் வந்தது என்று தெரியாவிட்டால், 'மை ஃபேமிலி' என்று சொல்லாமல் 'அவர் பீப்பிள்' என்று சொல்லுங்கள்; அதுதான் சரியான சொல்லும்கூட.

லயத்தைப் பார்த்துவிட்டுக் கூலி எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பவர்களும் உண்டு. சொல்ல விருப்பமானால் சொல்லலாம்; விருப்பமில்லாவிட்டால் "ஐ டோன்ட் வான்ட் டு டாக் அபவுட் தட்" என்று முகம் சுளிக்காமல் சொல்லிவிட்டு, "கேன் ஐ ஷோ யூ அவர் டெம்பிள்?" என்று பேச்சைத் திருப்பலாம். இரண்டாவது வாக்கியம் முதல் வாக்கியத்தின் கடுமையைக் குறைத்துவிடும்.

உச்சரிப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 'ஃபெஸ்டிவல்' என்பதில் கீழ் உதட்டை மேற்பல்லில் தொட்டு ஊதுவதும், 'ஸ்கூல்', 'ஸ்டோரி' போன்ற சொற்களுக்கு முன்னால் ஒரு 'இ' சேர்க்காமல் இருப்பதும் போதுமானவை. வேகமாகப் பேசினால் நன்றாகப் பேசுவதாக ஒரு நினைப்பு நம்மிடையே இருக்கிறது, அது வேண்டாம்.

இனிப் பயிற்சி. வீட்டில் உள்ள ஒரு பொருளை, அம்மியோ குத்துவிளக்கோ கொழுந்துக் கூடையோ, கையில் எடுத்துக்கொண்டு அதைப் பற்றி ஐந்து வாக்கியம் பேசி போனில் பதிவு செய்யுங்கள். எழுதி வைத்து வாசிக்கக் கூடாது. பிறகு தம்பியையோ தங்கையையோ உட்கார வைத்து, தமிழிலேனும் ஒரு கேள்வி கேட்கச் சொல்லி அதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லிப் பாருங்கள். சொல் வராத இடத்தில் "ஐ டோன்ட் நோ த இங்கிலிஷ் வேர்ட்" என்று சொல்லிவிட்டுக் கையால் காட்டுங்கள். இறுதியில் "வாட் அபவுட் யுவர் கன்ட்ரி?" என்று நீங்களும் ஒரு கேள்வி கேட்டு முடியுங்கள், அவர் பேசும் நேரம் உங்களுக்கு ஓய்வு. ஒரு வாரத்துக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். பதிவைத் திரும்பக் கேட்கும்போது எத்தனை 'வில்' வருகிறது என்று விரல்விட்டு எண்ணுங்கள். கோலத்தைப் பற்றிய என் முதல் பதிவில் பதினொன்று இருந்தது.