பழைய லாரிக்கு மாற்று ஆக்சில்: வாங்கும் முன் எண்ண வேண்டியதும் அளக்க வேண்டியதும்

பழைய லாரியின் பின் ஆக்சில் போய்விட்டது என்று தெரிந்ததுமே, "இதே மாடல் வண்டி ஒண்ணு உடைக்க வந்திருக்கு, கழற்றித் தர்றேன்" என்று ஒருவர் வந்து நிற்பார். அவசரப்பட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் கிரவுன் பினியன் (சுழற்சியைச் சக்கரத்தின் பக்கம் திருப்பிவிடும் பெரிய, சின்னப் பல்சக்கர ஜோடி) வேறாக இருக்கலாம். உங்கள் வண்டியை முதலில் அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

போனது எது?

முழு ஆக்சிலும் தேவைதானா என்று முதலில் பாருங்கள். கனரக லாரிகளில் பாரத்தைத் தாங்குவது ஹவுசிங், அதாவது ஆக்சிலின் வெளிக்கூடு. உள்ளே இருக்கும் ஷாஃப்ட்டுக்குச் சக்கரத்தைச் சுற்றுவது மட்டும்தான் வேலை. கியர் போட்டால் ஜாயிண்ட் (கியர் பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்கு வரும் நீளத் தண்டு) சுற்றுகிறது, வண்டி நகரவில்லை என்றால் பெரும்பாலும் ஷாஃப்ட்தான் முறிந்திருக்கும். ஹப்பில் உள்ள போல்ட்டுகளைக் கழற்றினால் போதும், சக்கரத்தை எடுக்காமலே ஷாஃப்ட்டை உருவிவிடலாம். புதிது வாங்கும்போது பழையதையும் கையோடு கொண்டு போங்கள்: நீளம், பல் எண்ணிக்கை, போல்ட் துளைகள் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இடது, வலது ஷாஃப்ட்டுகளின் நீளம் சில வண்டிகளில் வேறுபடும். பற்கள் முறுக்கிக்கொண்டிருந்தால் அது ஓவர்லோடின் வேலை.

ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் மாறி மாறி ஊளையிட்டால் கிரவுன் பினியனைச் சந்தேகப்படுங்கள். ஹவுசிங்கே வளைந்தோ விரிந்தோ போயிருந்தால்தான் முழு ஆக்சில் தேட வேண்டும்.

ரேஷியோ எண்ணுவது

இதில் அவசரம் கூடாது. கிரவுன் பற்களைப் பினியன் பற்களால் வகுத்தால் வருவது ரேஷியோ. 41 பல் கிரவுனுக்கு 7 பல் பினியன் என்றால் 5.86, பினியன் 6 பல் என்றால் 6.83. ஒரே ஒரு பல்தான் வித்தியாசம், ஆனால் அதே வேகத்தில் போக இன்ஜின் ஆறில் ஒரு பங்கு அதிகமாகச் சுற்ற வேண்டும்.

ஆக்சிலைத் திறக்காமலே இதைக் கண்டுபிடிக்கலாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையக் கூடாது. கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், பார்க்கிங் பிரேக்கை விட்டிருக்க வேண்டும். டயரிலும் ஜாயிண்ட்டிலும் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஜாயிண்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. மறுபக்கச் சக்கரம் தரையில் நிற்பதால்தான் ஒன்றுக்குப் பதில் இரண்டு சுற்று. ஐந்தே முக்காலுக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்தால் 41/7 ஆக இருக்கலாம்.

எந்த ரேஷியோ நல்லது? கிருஷ்ணகிரியிலிருந்து கிரானைட் ஏற்றுபவருக்கும் புளி, மாங்காய் லோடு அடிப்பவருக்கும் ஒரே பதில் கிடையாது. எண் கூடினால் இழுவை கூடும், நெடுஞ்சாலையில் டீசலும் கூடும். தொப்பூர் கணவாயை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது அது இறக்கம். கீழ் கியரில் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்துவதற்கும் பெரிய எண்தான் உதவும். என்னைக் கேட்டால், பழைய எண்ணையே போடுங்கள். மாற்றினால் கியர் பாக்ஸிலிருந்து ஓடும் ஸ்பீடோமீட்டரும் தப்பாகக் காட்டும். இரண்டு ஆக்சிலும் இழுக்கும் பத்துச் சக்கர வண்டியில் இரண்டுக்கும் ஒரே ரேஷியோ இருந்தே ஆக வேண்டும்.

டேப் எடுங்கள்

இரண்டு ஸ்பிரிங் பட்டைகளும் உட்காரும் இடங்களுக்கு நடுவே உள்ள தூரம், ஹப்புக்கு ஹப் அகலம், பிரேக் டிரம் விட்டம், லைனர் அகலம், வீல் போல்ட் எண்ணிக்கை, ஜாயிண்ட் ஃபிளேஞ்சின் துளைகள்: இவை எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பிரேக் சேம்பர் மாட்டும் பிராக்கெட்டைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பெரிய ஆக்சில் போட்டாலும் ஆர்.சி.யில் உள்ள எடைக்கு மேல் ஏற்ற முடியாது.

கடையில் பார்க்க வேண்டியது

புது பெயின்ட் அடித்த ஹவுசிங் என்றால் பட்டை உட்காரும் இடத்தருகே சுரண்டிப் பாருங்கள், வெல்டிங் தழும்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். வடிகால் போல்ட்டைக் கழற்றி எண்ணெயை விரலில் தேய்த்துப் பாருங்கள். மைபோல் மெல்லிய தூள் இருந்தால் தேய்மானம், துண்டு துண்டாக வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கிரவுனும் பினியனும் ஜோடியாகப் பொருத்தப்பட்டவை. இரண்டிலும் சின்னதாகக் கீறிய ஜோடி எண் இருக்கும், கிரீஸைத் துடைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். எண் ஒத்துப்போகவில்லை என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அது ஊளையிடும்.

மாட்டும்போது ஆயில் சீலைப் புதிதாகவே போடுங்கள். ஹவுசிங்கின் காற்றுத் துளையைச் சுத்தம் செய்யாவிட்டால் புது சீலும் ஒழுகும். முதல் லோடு இறக்கியதும் ஆக்சிலைப் பட்டையோடு பிடித்திருக்கும் யு போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள். ஓட்டி நிறுத்தியவுடன் இரண்டு ஹப்புக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அங்கே பேரிங் இறுக்கமாகவோ பிரேக் ஒட்டியோ இருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகுதான் அடுத்த லோடு.