சபையை மூடி, புதிய சபைக்கு இடம் கொடுப்பது எப்படி

ஒரு கிறிஸ்தவ சபையைக் கையிருப்பு தீரும்வரை இழுத்துக்கொண்டு போய் மூடினால், அதே கட்டடத்தில் தொடங்கும் புதிய சபைக்குக் கொடுக்க ஒழுகும் கூரையும் கடனும்தான் மிஞ்சும். போதகர் சம்பளத்துக்கே வைப்புநிதியை உடைக்கும் நிலை வந்த ஆண்டிலேயே பேசத் தொடங்குங்கள்.

முதலில் சபையின் சட்டதிட்டத்தையும் சொத்துப் பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள். கலைக்க எத்தனை பேர் வாக்கு வேண்டும், எத்தனை நாள் முன்னறிவிப்பு, மீதிச் சொத்து யாருக்கு என்பதைச் சட்டதிட்டத்தில் தேடுங்கள். பல திருச்சபைகளில் கட்டடம் உள்ளூர்ச் சபைக்குச் சொந்தமே அல்ல; பேராயத்தின் (பல சபைகளுக்கு மேலான நிர்வாக அமைப்பு) பெயரிலோ அறக்கட்டளையின் பெயரிலோ இருக்கும். அப்படியானால் மேலிடத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிய பிறகே வாக்கெடுப்பு.

தீர்மானத்துக்கும் கடைசி ஆராதனைக்கும் நடுவே மூன்று மாதமாவது விடுங்கள். பணியாளரின் சம்பள பாக்கி, கடன், வரி எல்லாம் அதற்குள் தீரவேண்டும். குறிப்பிட்ட நோக்கத்துக்காக வந்த காணிக்கையைத் தனியே பிரித்து எழுதுங்கள். கல்லறைத் தோட்டப் பராமரிப்புக்கென்று வந்த பணத்தைப் புதிய சபையின் ஒலிபெருக்கிக்குத் திருப்ப முடியாது. கொடுத்தவரின் சம்மதமோ சட்டப்படியான அனுமதியோ தேவை. தாமதமாக வரும் ரசீதுகளுக்காக வங்கிக் கணக்கைச் சில மாதங்கள் திறந்தே வையுங்கள். கட்டடம் காலியாக இருக்கப்போகிறது என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்பே எழுதுங்கள். ஆளில்லாத கட்டடத்துக்கு 30 அல்லது 60 நாளுக்குப் பின் பாதுகாப்பைக் குறைக்கும் விதி பல காப்பீடுகளில் உண்டு.

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்று பதிவேடுகளும் யார் வீட்டு அலமாரிக்கும் போகக்கூடாது. பல ஆண்டு கழித்தும் யாராவது சான்றிதழ் கேட்டு வருவார்கள். பேராய ஆவணக் காப்பகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். நினைவுப் பலகை, மணி, திருவிருந்துப் (அப்பமும் ரசமும் பகிரும் சடங்கு) பாத்திரம் ஒவ்வொன்றையும் படமெடுத்துப் பட்டியலிட்டு, அன்பளித்த குடும்பத்தைக் கேட்ட பிறகே இடம் மாற்றுங்கள். மனக்கசப்பு பெரும்பாலும் பணத்தால் வருவதில்லை, தாத்தா பெயர் பொறித்த பலகையால் வருகிறது.

படுக்கையில் இருக்கும் முதியவர்கள் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லுங்கள். இனி யார் திருவிருந்து கொண்டுவருவார், யார் அடக்கம் செய்வார் என்பதற்கு ஒரு போதகரின் பெயரையே சொல்லவேண்டும்.

மிக அதிகம் நடக்கும் தவறு, பாதி மூடுவது. பெயர்ப்பலகையை மட்டும் மாற்றி, அதே கமிட்டி, அதே நேரம், அதே இருக்கை என்று தொடர்ந்தால் புதிதாக வருபவர் விருந்தாளியாகவே இருப்பார். கமிட்டியை முழுதாகக் கலையுங்கள். புதிய ஆராதனைக்கு முன் கட்டடம் சில மாதங்கள் அமைதியாக இருக்கட்டும். பழைய உறுப்பினர் வந்தால் வரவேற்பு உண்டு. முதல் ஆண்டில் பொறுப்பு வேண்டாம். 'எங்கள் பாடல் முறையை மாற்றக்கூடாது' என்ற நிபந்தனையோடு கட்டடத்தைக் கொடுக்காதீர்கள். அது கொடுத்ததாகாது.

கடைசி ஆராதனையைக் கிறிஸ்துமஸிலோ உயிர்ப்பு ஞாயிறிலோ வைக்காதீர்கள், துக்கப்பட இடமிருக்காது. அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்களையும் மணம் முடித்தவர்களையும் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். நிலத்தில் விழுந்து செத்தால்தான் மிகுந்த பலன் தரும் என்று கோதுமை மணியைப் பற்றிச் சொல்லும் யோவான் 12:24 பொருத்தமான வாசிப்பு. திருவிருந்துக்குப் பின் வேதாகமம், பாத்திரம், பதிவேடு, சாவி என்ற வரிசையில் வெளியே கொண்டுவந்து ஒப்படையுங்கள். வீடுகளில் இருக்கும் உபரிச் சாவிகளையும் அன்றே வாங்கிவிடுங்கள்.